பெர்க்கா, டாப்கானா? உலோகம் தொடும் இடத்தில் இருக்கிறது வித்தியாசம்

கேள்வி: தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. மாடியில் 3 கிலோவாட் சோலார் போடப்போகிறேன். மோனோ பெர்க் 540 வாட், டாப்கான் 580 வாட் என்று இரண்டு பேனல் காட்டுகிறார்கள். நீள அகலம் ஒன்றுதான், இரண்டுமே சிலிக்கான். அந்த 40 வாட் எங்கிருந்து வருகிறது? கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: பெர்க், டாப்கான் இரண்டும் பேனலுக்குள் இருக்கும் சிலிக்கான் செல்லை அமைக்கும் விதங்கள். பேனலைக் கிட்டே போய்ப் பாருங்கள். தலைமுடியைவிட மெல்லிய வெள்ளிக் கோடுகள் ஓடும். வெயில் பட்டதும் சிலிக்கானுக்குள் கிளம்பும் எலக்ட்ரான்களை வெளியே கொண்டுவர இந்த உலோகம் வேண்டும். ஆனால் உலோகம் நேரடியாகச் சிலிக்கானில் ஒட்டும் இடத்தில் படிகத்தின் பிணைப்புகள் கலைந்துவிடுகின்றன. எலக்ட்ரான்களில் ஒரு பகுதி வெளியேறும் முன்பே அங்கே துளைகளோடு (எலக்ட்ரான் விட்டுப்போன காலி இடங்களோடு) சேர்ந்து வீணாகிறது.

பெர்க் இதற்குச் செய்த வைத்தியம், தொடும் பரப்பைக் குறைப்பது. பின்பக்கம் அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கான் நைட்ரைடு படலங்களைப் போட்டு, லேசரால் திறந்த இடங்களில் மட்டும் அலுமினியத்தைத் தொட விடுகிறார்கள். 1980களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான வடிவம் இது.

டாப்கான் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பின்பக்கச் சிலிக்கான் மேல் சுமார் 1.5 நானோமீட்டர் கனத்தில் சிலிக்கான் ஆக்சைடு; அதன்மேல் பாஸ்பரஸ் கலந்த பாலிசிலிக்கான் (சிறு படிகங்களாலான சிலிக்கான்); அப்புறம்தான் வெள்ளி. ஆக்சைடு அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் எலக்ட்ரான்கள் அதை ஊடுருவிப் போய்விடும், துளைகளோ தடுக்கப்படும். பின்பக்கத்தில் உலோகம் அடியிலுள்ள சிலிக்கானைத் தொடுவதே இல்லை. ஜெர்மனியின் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனமான ஃபிரான்ஹோஃபர் ஐஎஸ்இ 2013-இல் முன்வைத்த இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. உங்கள் 40 வாட்டில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. மிச்சம், டாப்கானில் பயன்படும் N-வகை (எலக்ட்ரான் மிகுந்த) சிலிக்கானின் தரத்தால்.

சரி, பணம். பேனல் விலையை விடுங்கள், ஒரு வாட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். இடம் தாராளமாக இருந்து, வாட் விலையில் பெர்க் நன்றாகவே மலிவாகக் கிடைத்தால் அதுவே போதும். ஆனால் உங்கள் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பேனலின் வாட் அளவு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. மாடியில் செல் 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் பெர்க் சுமார் 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் சுமார் 0.30 சதவீதம். 40 டிகிரி ஏற்றத்தில் பெர்க்கின் இழப்பு 14 சதவீதம், டாப்கானுக்கு 12. விலை வித்தியாசம் சிறியது என்றால் நான் டாப்கானையே வாங்கச் சொல்வேன்.

ஹெட்டரோஜங்ஷன் என்று இன்னொரு வகை உண்டு. வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் இண்டியம் என்ற அரிய உலோகமும் குறைந்த வெப்பத்தில் இறுகும் வெள்ளிப் பேஸ்ட்டும் தேவைப்படுவதால் விலை அதிகம். உங்களுக்கு அவசியமில்லை.

கடலோரம் என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். டாப்கானின் முன்பக்கக் கோடுகள் இன்னமும் சிலிக்கானை நேரடியாகத்தான் தொடுகின்றன. அந்த வெள்ளிப் பேஸ்ட்டில் பெரும்பாலும் கொஞ்சம் அலுமினியமும் கலந்திருக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் அது அரிக்கும். செல்லை ஒட்டும் இவிஏ பசை ஈரத்தில் அசிட்டிக் அமிலத்தையும் விடும். அதனால் இரண்டு பக்கமும் கண்ணாடி உள்ள பேனலாகப் பாருங்கள். உள்ளே அந்த அமிலத்தை விடாத பிஓஇ பசையா என்று கேளுங்கள். ஐஇசி 61701 உப்புக்காற்றுச் சோதனைச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.