நாலு முறை படித்தும் பரீட்சையில் வரவில்லையே, ஏன்?

கேள்வி: நான் பிளஸ் டூ, பயாலஜி-மேத்ஸ் குரூப். எங்கள் கிராமத்திலிருந்து பள்ளிக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீடு வர ஆறரை ஆகிவிடும். ராத்திரி 12 மணி வரை படிக்கிறேன். அம்மா காலை 4 மணிக்கு எழுப்பி டீ போட்டுத் தருவார். ஒவ்வொரு பாடத்தையும் நாலு தடவை படித்து, முக்கியமானதை மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டு வைக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிகிறது, வினாத்தாளைப் பார்த்தால் பாதி வரவில்லை. காலாண்டில் இயற்பியலில் 70-க்கு 38. மதியம் வகுப்பில் கண் சொக்குகிறது, அடிக்கடி தலைவலி. ஞாபக சக்திக்கு ஏதாவது டானிக் சொல்லுங்கள். (பெயர் வேண்டாம், அரியலூர் மாவட்டம்)

பதில்: டானிக் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஞாபக சக்திக்கென்று விற்கும் சிரப், லேகியம், மாத்திரை எதையும் வாங்காதே. ஆரோக்கியமாக இருக்கும் ஒரு பெண்ணின் நினைவாற்றலை ஏற்றிக் காட்டும் என்று நிரூபணமான டானிக் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உன் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, ‘படிக்கும்போது எல்லாம் தெரிகிறது’ என்பதுதான். அந்தத் தெரிதல்தான் உன்னை ஏமாற்றுகிறது. கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்ததும் தெரிந்த முகம் என்று சிரித்துவிடுகிறோம், பெயர் மட்டும் வராது. நாலாவது முறை புத்தகத்தைப் புரட்டும்போது நடப்பதும் அதுதான். வரிகள் பழகிவிட்டன, கண் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, மனம் ‘இது தெரியும்’ என்கிறது. பரீட்சையோ எதையும் காட்டாமல் உள்ளிருந்து எடுத்துத் தரச் சொல்கிறது. எடுத்துத் தரும் வேலையை நீ வீட்டில் ஒரு நாளும் பழகவில்லை. முதல் தடவையே பரீட்சை ஹாலில்தான் செய்கிறாய்.

2006-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பாடப் பகுதியை நாலு சுற்றும் படித்தார்கள். இன்னொரு பிரிவு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் நாலு சுற்றும் படித்தவர்களே முன்னால்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. நமக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்கள். அந்த நம்பிக்கைதான் இப்போது உனக்கு இருப்பது.

செய்ய வேண்டியது இது. இயற்பியலில் வீட்ஸ்டோன் சமனச்சுற்றை எடுத்துக்கொள், ஐந்து மதிப்பெண்ணில் அடிக்கடி வருவது. ஒரே ஒரு முறை நிதானமாக, ஒவ்வொரு படியும் ஏன் என்று புரிந்து படி. புத்தகத்தை மூடி, கண்ணில் படாத இடத்தில் வை. ஒரு பக்கம் எழுதிய பழைய தாள் போதும், அதன் பின்பக்கத்தில் எழுது. நாலு மின்தடையையும் வைர வடிவில் வரைந்துவிடுவாய், நடுவில் கால்வனோமீட்டரும் வந்துவிடும். மேல் சந்திக்கும் கீழ்ச் சந்திக்கும் கிர்க்காஃப் மின்னோட்ட விதியும் பெரும்பாலும் வரும். அடுத்து மூடிய சுற்றுக்கு மின்னழுத்த விதி எழுதப் போகும்போது, எதற்குக் கூட்டல் குறி, எதற்குக் கழித்தல் என்று பேனா நிற்கும்.

நிற்கட்டும். உடனே புத்தகத்தைத் திறக்காதே. இரண்டு நிமிடம் தடுமாறு, எந்தத் திசையில் சுற்றி வருகிறோம், மின்னோட்டம் அதோடு போகிறதா எதிராக வருகிறதா என்று யோசி, தப்பாகவாவது ஒன்றை எழுது. பிறகு திறந்து சிவப்புப் பேனாவால் நீயே திருத்து. அந்தச் சிவப்பு விழுந்த இடம் மட்டும்தான் நீ இன்னும் படிக்க வேண்டிய இடம். மஞ்சள் ஹைலைட்டர் ஆசிரியருக்கு எது முக்கியமோ அதைக் காட்டுகிறது, சிவப்புப் பேனா உனக்கு எது வரவில்லையோ அதைக் காட்டுகிறது. 2013-ல் டன்லாஸ்கி முதலிய உளவியலாளர்கள் பத்துப் படிப்பு முறைகளை அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து எடை போட்டபோது, கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின. தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசைக்கு வந்தன.

இப்படிப் படித்தால் முதல் வாரம் மோசமாக இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் மூன்று பாடம் ‘முடித்தவள்’ ஒன்றைக்கூட முடிக்க மாட்டாய். எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று அழுகை வரும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் பழைய முறைக்கே ஓடிவிடுகிறார்கள். தெரியாதது இன்றைக்கு முளைத்ததல்ல, ஏற்கெனவே இருந்தது. இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இடைவெளி விடுவதற்குத் தனி அட்டவணை, செயலி எதுவும் வேண்டாம். வீட்டில் தினத்தாள் காலண்டர் தொங்குமே, அது போதும். இன்று வீட்ஸ்டோன் எழுதிப் பார்த்தாயானால், நாளைய தாளிலும், அதிலிருந்து மூன்று நாள் தள்ளி ஒன்றிலும், பத்து நாள் தள்ளி ஒன்றிலும் பென்சிலால் ‘வீட்’ என்று குறி. அன்றைக்குத் தாளைக் கிழிக்கும்போது என்ன பாக்கி என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். புரியாமல் உருப்போடுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன், மனப்பாடத்தையே அல்ல. தமிழில் மனப்பாடச் செய்யுளைப் பார்க்காமல் ஒப்பிக்கிறாயே, அது அசல் நினைவுப் பயிற்சி. வரையறை, விதி, வேதிச் சமன்பாடு எல்லாவற்றையும் அப்படி ஒப்பிக்கலாம். ஆனால் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று காட்டும் ப்ளூபிரிண்ட் வைத்துப் பாடத்தைப் பொறுக்கிப் படிக்கும் காலம் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால், புரியாமல் ஒப்பித்தது கை கொடுக்காது.

கணக்கை நீ எப்படிப் படிக்கிறாய் என்று எழுதவில்லை. பெரும்பாலும் ஒரு பயிற்சியைத் தொடங்கிக் கடைசிக் கணக்கு வரை போட்டுவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போவாய், எல்லோரும் அப்படித்தான். அதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது: எந்த முறையில் போட வேண்டும் என்பதைப் பயிற்சியின் தலைப்பே சொல்லிவிடுகிறது. பொதுத்தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கன அளவுக் கணக்குகளை வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பிரித்துப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. ஒரு பயிற்சி புரியும் வரை அதை மட்டும் போடு, அதில் தப்பில்லை. புரிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து வெவ்வேறு அத்தியாயங்களிலிருந்து ஒவ்வொரு கணக்காக எடுத்துப் போடு.

பஸ்ஸில் புத்தகம் விரிக்க வேண்டாம். அந்தக் குலுக்கலில் படித்தால் தலைவலிதான் மிச்சம். பக்கத்தில் தோழி இருந்தால் மாற்றி மாற்றி ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இயற்பியல் வினாத்தாளில் அவை மட்டுமே 15. தோழி இல்லாத நாளில் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்து வா. போனைப் பற்றிச் சுருக்கமாக: படிக்கும்போது அது வேறு அறையில் இருக்கட்டும். நோட்ஸ் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது என்றால் முதலிலேயே தாளில் எழுதிக்கொண்டு போனைக் கொடுத்துவிடு.

இனி தூக்கம். 12 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் நாலு மணி நேரம். 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் தந்த பரிந்துரை. அன்று படித்ததை மூளை பதிய வைப்பதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. ஆகவே ராத்திரி 11-லிருந்து 12 வரை நீ படிக்கும் அந்த ஒரு மணி நேரம், அதற்கு முன் படித்த மூன்று மணி நேரத்தையும் சேர்த்துச் சாப்பிடுகிறது. விடிகாலைப் படிப்பு நல்லதுதானே என்று அம்மா கேட்பார். நல்லதுதான், ஒன்பது மணிக்கு ஊரடங்கிய காலத்து வழக்கம் அது. போதாததற்கு, பருவ வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கம் தாமதமாக வரும், விடிகாலை எழுவது பெரியவர்களைவிடக் கஷ்டமாக இருக்கும். சோம்பேறித்தனத்தில் சேர்த்தி இல்லை.

உன் நேரத்தை வைத்து நான் போட்ட கணக்கு இது. ஆறரைக்கு வந்ததும் எதையாவது சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் படு, அலாரம் வைத்துக்கொள். 7.15 முதல் 8.30 வரை ஒரு பாடம். சாப்பாடு. 9 முதல் 10 வரை இன்னொன்று. 10.15-க்கு விளக்கை அணைத்துவிடு. 5.30-க்கு எழுந்து முக்கால் மணி நேரம், நேற்று எழுதியதைப் பார்க்காமல் மறுபடி எழுதிப் பார். ஏழேகால் மணி நேரத் தூக்கம் கிடைக்கிறது. இன்னும் கொஞ்சம் குறைவுதான், ஞாயிறு ஒரு மணி நேரம் கூடத் தூங்கு. மாலை ஐந்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். இந்தப் பகுதியை மட்டுமாவது அம்மாவிடம் படித்துக் காட்டு. உனக்கு 4 மணிக்கு டீ வேண்டுமென்றால் அவர் அதற்கும் முன்னால் எழுந்திருக்கிறார்.

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். மதியம் கண் சொக்குவதற்கு நாலு மணி நேரத் தூக்கமே போதுமான காரணம். ஆனால் அதோடு நிறுத்த மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கிறதா, மாதவிடாயில் போக்கு அதிகமா? எதுவாக இருந்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல். கட்டணம் கிடையாது. 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, மாத்திரை அளவை டாக்டர் சொல்வார், நீயாக வாங்கிப் போடாதே. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்குக் கவனம் நிற்காது. வீட்டில் அதற்குப் பெயர் ‘படிப்பில் அக்கறை இல்லை’.

பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வயிற்றைப் புரட்டுகிறது என்று வாசலிலேயே வீசிவிடும் பெண்கள் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டியதில்லை. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்தால் நன்றாகச் சேரும். தலைவலிக்குக் கண் பவரையும் ஒரு முறை பார்த்துவிடு. இன்னொரு காரணமும் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காத பெண்கள் ஏராளம். நீயும் அப்படியா என்று யோசித்துப் பார். அப்படியானால் அது உன் தப்பு இல்லை. வகுப்பு டீச்சரிடம் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள்.

படிப்பு நினைப்பே நெஞ்சை அடைக்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு உட்காராதே. 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் உண்டு.

அரையாண்டுக்கு முன் ஒரு வேலை. காலாண்டு இயற்பியல் விடைத்தாளை எடு. போன 32 மதிப்பெண்ணை நாலு கூறாகப் பிரி: படிக்கவே இல்லை, படித்தேன் வரவில்லை, தெரிந்தும் குறியோ அலகோ விட்டுவிட்டேன், நேரம் போதவில்லை. எந்தக் கூறு பெரிது என்று பார்த்த பிறகு எதில் உழைப்பது என்று முடிவு செய். அலகு விட்டதில் மட்டும் நாலைந்து மதிப்பெண் போயிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஹாலில் முதல் பத்து நிமிடம் வினாத்தாள் வாசிக்கத்தான் தருகிறார்கள், அதில் எந்த இரண்டு ஐந்து மதிப்பெண் கேள்வி நன்றாக வருமென்று குறித்துக்கொள். ஒன்று வராமல் மிரட்டினால் அங்கேயே நிற்காதே, வினா எண்ணைச் சரியாகப் போட்டு வேறொன்றைத் தொடங்கு. சிக்கியது பாதி நேரம் தானாகவே பிறகு வரும். இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் கட்டாய வினா ஒவ்வொன்று இருக்கும். அது பெரும்பாலும் கணக்காக இருப்பதால் பயந்து விட்டுவிட்டு, பதிலாக வேறொன்றைக் கூடுதலாக எழுதி வைக்கிறார்கள். அந்தக் கூடுதலுக்கு மதிப்பெண் கிடையாது. முழுதாக வராவிட்டாலும் சூத்திரத்தையும் கொடுத்த அளவுகளையுமாவது எழுதிவிடு.