மூணு மாசத்தில் ஜப்பான் பாஷை!

கேள்வி: தமிழும் ஜப்பானிய மொழியும் ஒரே குடும்பம், தமிழர்கள் மூன்றே மாதத்தில் சரளமாகப் பேசலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து என் மகனைச் சேர்த்தேன். ஒரு வருடம் ஓடிவிட்டது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5, என்4 இரண்டு படிகளும் தேறிவிட்டான். போன வாரம் எங்கள் தொழிற்சாலைக்கு வந்த ஜப்பானிய அதிகாரி முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னேன். நாலு வாக்கியம் வரவில்லை. வியர்த்து நின்றான். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. குறை மொழியிலா, வகுப்பிலா, பையனிடமா? பேசாமல் ஜெர்மனுக்கு மாற்றிவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: மூன்று பேரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். நாலாவது ஆள் விட்டுப்போய்விட்டார்: பையனைக் கொண்டுபோய் நிறுத்தியவர்.

வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் குழந்தையை ரைம்ஸ் சொல்லச் சொல்லும் பழக்கம் நமக்கு எப்போதுதான் போகுமோ தெரியவில்லை. ஒரு வருடத்தில் என்5, என்4 இரண்டையும் தேறியவன் சோம்பேறி இல்லை. அந்தத் தேர்வு எப்படிப்பட்டது என்று ஒருநாளாவது அவனிடம் கேட்டிருக்கிறீர்களா? 1984 முதல் நடக்கும் தேர்வு அது. 2010இல்தான் அடிப்படியான என்5 முதல் உச்சிப்படியான என்1 வரை ஐந்து படிகளாக மாற்றினார்கள். என்4க்கு மொத்தம் 180 மதிப்பெண், 90 எடுத்தால் தேர்ச்சி. பகுதிவாரியாகவும் ஒரு குறைந்தபட்சம் உண்டு. சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டுப் புரிந்துகொள்வது, எல்லாவற்றுக்கும் விடையைத் தேர்ந்தெடுத்துக் கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். பேச்சுத் தேர்வே கிடையாது. ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதவும் வேண்டாம். ஆக, வாயைத் திறக்காமலே என்1 வரைக்கும் போகலாம். பையன் படித்தது அந்தத் தேர்வுக்கு. நீங்கள் வைத்தது வேறு தேர்வு.

அடுத்து அந்த 'ஒரே குடும்பம்'. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனால் மொழியியல் உலகம் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. சரி, ஏற்றிருந்தால்தான் என்ன? மலையாளம் நமக்குச் சந்தேகமே இல்லாத சொந்தம். நம்மில் எத்தனை பேர் மூன்று மாதத்தில் மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டோம்?

உறவு இருக்கிறதோ இல்லையோ, அமைப்பு ஒத்துப்போவது உண்மை. 'நேற்று நண்பன் கொடுத்த புத்தகத்தைப் படித்துப் பார்த்தேன்' என்பதை ஜப்பானிய மொழியில் சொல்ல, சொற்களின் வரிசையில் ஒன்றைக்கூட இடம் மாற்ற வேண்டாம். கினோ, தொமொதாச்சி கா, குரெத்தா, ஹொன் ஓ, யொந்தே மித்தா. கடைசி இரண்டு சொல்லைப் பாருங்கள்: 'படித்துப் பார்த்தேன்' என்பதில் நாம் கண்ணால் பார்ப்பதைச் சொல்லவில்லை அல்லவா, அவர்களுடைய 'மித்தா'வும் அதே 'பார்', அதே வேலை. 'செய்து வை', 'செய்துவிடு' என்பதற்கெல்லாம்கூட அவர்களிடம் ஜோடி இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் இந்த இடத்தில் மாதக்கணக்கில் தலைகீழாக நிற்பார். உங்கள் மகன் முதல் வாரத்திலேயே சிரித்திருப்பான். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நாம் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வர்றேன்' என்போம். அவர்களும் அப்படித்தான், உள்ளே இருப்பவர் 'போயிட்டு வா' என்பார். பஸ்ஸை நாம் 'பஸ்ஸு' என்று இழுத்தால் ஆங்கில ஆசிரியர் திட்டுவார். ஜப்பானில் அதுதான் சரி: பஸு. கப்? 'கப்பு'வேதான்! வினைச்சொல்லில் நம்மைவிட அவர்களுக்குச் சுலபம்: சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டான் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.

இந்தத் தேன்நிலவு என்5 வரைக்கும். அதைத்தான் விளம்பரக்காரர் விற்கிறார்.

அப்புறம் எழுத்து வருகிறது. ஹிராகனா, கடகனா என்று இரண்டு ஒலியெழுத்து வரிசைகள், ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46. அது இரண்டு மூன்று வாரப் பாடு. பிறகு கஞ்சி. நாம் குடிக்கிற கஞ்சி இல்லை, சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2136 இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த குழந்தைக்கே ஆரம்பப் பள்ளியின் ஆறு வருடத்தில் 1026தான் சொல்லித்தருகிறார்கள். அதுவும் ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி என்றால் பரவாயில்லை. உயிர், பிறப்பு என்று பொருள் தரும் எழுத்து ஒன்று உண்டு. மாணவன் என்ற சொல்லில் அதை 'செய்' என்று வாசிக்க வேண்டும், பிறந்தநாளில் 'ஜோ', சமைக்காத மீனுக்கு முன்னால் வந்தால் 'நமா'. எழுத்துக்கூட்டி வாசித்தே வளர்ந்த நமக்கு இது அநியாயமாகத் தெரியும்.

எண்ணிக்கையும் லேசுப்பட்டதல்ல. பென்சில் ஒன்று என்றால் இப்போன், இரண்டு நிஹோன், மூன்று சம்போன். காகிதம் என்றால் இச்சிமாய், நிமாய். நீளமான பொருளுக்கு ஒரு வாய்பாடு, தட்டையானதற்கு ஒன்று, புத்தகத்துக்கு வேறு, இயந்திரத்துக்கு வேறு. முயலை மரபுப்படி பறவைக் கணக்கில் எண்ணுகிறார்கள். (ஏன் என்று நாம் கேட்கக் கூடாது. 'ஒருவர், இருவர்' என்று எண்ணிவிட்டுப் 'பத்துப் பேர்' என்று தாவுகிற ஊர்க்காரர்கள் நாம்.) தொழிற்சாலையில் இருக்கிறீர்களே, பணக் கணக்கை நீங்களே சோதித்துப் பாருங்கள். அவர்களுக்குப் பெரிய அலகு பத்தாயிரம், அதன் பெயர் 'மான்'. நம்முடைய ஒரு லட்சம் பத்து மான், ஒரு கோடி ஆயிரம் மான். கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மூன்றரைக் கோடியை மானுக்கு மாற்றி, வாயில் வருவதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

இதோடு நாமே இழுத்துவிட்டுக்கொள்ளும் வினை ஒன்றும் உண்டு: தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பது. மேலே நான் எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் ஜப்பானியர் விழிப்பார். 'வா' என்பதற்கு அவர்கள் சொல்வதில் நடுவே ஒற்றைத் தகரம், வன்மையாக ஒலிக்கும். தபால்தலைக்கு இரட்டைத் தகரம். ஒற்றையைத் தமிழில் எழுதினால் 'கிதே' என்று மெலிகிறது, வன்மைக்காக 'கித்தே' என்று எழுதினால் தபால்தலை ஆகிவிடுகிறது. மாதத்தின் எட்டாம் தேதியைத் தமிழில் எழுதினால் 'யோகா', யாராக இருந்தாலும் ஆசனம் போடத்தான் கிளம்புவார்கள். இத்தனைக்கும் நம் காது நல்ல காது. குறில் நெடிலும் ஒற்றும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. நான்காம் தேதிக்கும் எட்டாம் தேதிக்கும் உள்ள அந்தச் சின்ன வித்தியாசத்தில் ஆங்கிலக்காரர் தடுமாறுவார், நமக்குச் சட்டென்று கேட்கும். கெடுப்பது நோட்டுப் புத்தகம்தான். மகனுடைய நோட்டை வாங்கிப் பாருங்கள். தமிழ் எழுத்தில் இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி, அன்றைக்கு ஏன் வியர்த்தான் என்பதற்கு வருகிறேன். வகுப்பில் முதல் வருடம் சொல்லித்தருவது நடுத்தரமான மரியாதை நடை. நீங்கள் நிறுத்தியதோ ஓர் அதிகாரிக்கு முன்னால். அங்கே 'சாப்பிடு' என்பதற்கு அவர் சாப்பிட்டால் ஒரு சொல், நான் சாப்பிட்டால் இன்னொரு சொல், அது முற்றிலும் வேறு வினை. 'நீங்கள்' என்பதற்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் சொல்லை மேலதிகாரியிடம் பயன்படுத்தினால் முகம் சுளிப்பார்கள். குடும்பப்பெயரோடு 'சான்' சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பதவிப் பெயரால் அழைக்க வேண்டும். அந்த 'சான்' தன் பெயருக்குப் பின்னால் வரவே கூடாது. இவ்வளவும் அரைகுறையாகத் தெரிந்தவன்தான் நா எழாமல் நிற்பான். ஒன்றுமே தெரியாதவன் வணக்கம் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

பேச்சு வர வேண்டுமென்றால் பேசத்தான் வேண்டும். அதற்கு உங்கள் ஊரைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் குறைவு. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஜப்பானிய நிறுவனங்கள் எத்தனை! தனியாக வந்து தங்கியிருக்கும் இளம் பொறியாளர் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கத் துணை வேண்டியிருக்கும். அதிகாரி வேண்டாம், அந்தப் பொறியாளரைப் பிடியுங்கள். மகனை அவரோடு சந்தைக்கு அனுப்புங்கள். முருங்கைக்காயை எப்படிச் சமைப்பது என்று விளக்கட்டும், கறிவேப்பிலை ஏன் சும்மா தருகிறார்கள் என்று சொல்லட்டும். தப்பாகப் பேசினாலும் பை நிரம்பும். முக்கியமாக, நீங்கள் கூடப் போகாதீர்கள்.

பேசுவதற்கு முன்னால் இன்னொரு வித்தை இருக்கிறது, அது நமக்குப் பாட்டி சொல்லித்தந்தது. ஜப்பானியர் பேசும்போது எதிராளி 'ஹாய்' (ஆங்கில ஹாய் இல்லை, அவர்களுடைய 'ஆம்'), 'ஆமாமா', 'அப்படியா' என்று இடைவிடாமல் உம் கொட்ட வேண்டும். சும்மா இருந்தால் கேட்கவில்லை என்று நினைத்துப் பேச்சையே நிறுத்திவிடுவார். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதைவிடச் சுலபமான பாடம் உண்டா? ஒரு மாதம் உம் மட்டும் கொட்டட்டும், போதும். அந்த 'ஹாய்'க்கு 'ஒப்புக்கொண்டேன்' என்று பொருள் இல்லை என்பதை மட்டும் உங்கள் கொள்முதல் பிரிவுக்குச் சொல்லிவையுங்கள். பல பேச்சுவார்த்தைகள் அந்த இடத்தில்தான் குழம்புகின்றன.

ஜெர்மன்? அந்த மொழித் தேர்வில் பேச்சுப் பகுதி உண்டு. அது ஒன்று உங்களுக்குச் சாதகம். ஆனால் அங்கே மேசை ஆண்பால், சிறுமி என்ற சொல் அஃறிணைபோல ஒன்றன்பால். இடையில் வேறு ஒரு விளம்பரக்காரர் வந்து, சமஸ்கிருதமும் ஜெர்மனும் ஒரே குடும்பம், மூன்று மாதம் போதும் என்பார். அவர் சொல்லும் குடும்ப உறவு உண்மையும்கூட! அதை நம்பி நீங்கள் பணம் கட்டுவீர்கள். அடுத்த வருடம் இதே கடிதம் எனக்கு மறுபடி வரும்.

டிசம்பரில் என்3 எழுதச் சொல்லி வகுப்பில் நெருக்குவார்கள். இந்த முறை வேண்டாம். அந்தக் கட்டணத்தைப் பையனிடமே கொடுங்கள், பொறியாளரோடு சந்தைக்குப் போய்வர பெட்ரோலுக்கு ஆகும்.