இராணுவ இரகசியப் பரிசோதனை, மர்மச் சாவு என்று வரும் கதைகளில் உண்மை ஏதும் உண்டா?

உண்டு, ஆனால் கொஞ்சம்தான். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கிழமைக்கு ஒன்றாவது வரும், ஏதோ ஒரு விஞ்ஞானியை இராணுவமே முடித்துவிட்டதாம், பெயரும் இருக்காது, திகதியும் இருக்காது. அப்படியானதைப் பேசாமல் அழித்துவிடுவேன்.

ஃபிராங்க் ஒல்சனின் கதை வேறு. அமெரிக்க இராணுவத்தின் உயிரியல் ஆயுத ஆய்வில் இருந்தவர். 1953 நவம்பரில் சி.ஐ.ஏ. ஆட்கள் அவருக்குச் சொல்லாமலே மதுவில் எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தைக் கலந்து கொடுத்தார்கள், ஒன்பதாம் நாள் நியூயோர்க் ஹொட்டேல் ஒன்றின் பத்தாம் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனார். போதைமருந்து விஷயம் வீட்டாருக்குத் தெரிய 1975 ஆனது. ஜனாதிபதி ஃபோர்ட் நேரில் மன்னிப்புக் கேட்டார், அப்புறம் 750,000 டொலர் நட்டஈடும் கிடைத்தது. 1994இல் உடலைத் தோண்டிப் பார்த்த தடயவியல் குழு, விழுவதற்கு முன்பே தலையில் அடி விழுந்திருக்கலாம் என்றது. சரி, கொலையா? எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை.

சந்தேகம் சாகாததற்கு சி.ஐ.ஏ.யே காரணம். எம்.கே. அல்ட்ரா என்ற அதன் இரகசிய போதைமருந்து, மனக்கட்டுப்பாட்டுப் பரிசோதனைத் திட்டத்தின் கோப்புகளை அழிக்கச் சொன்னது அதன் தலைவர் ஹெல்ம்ஸ்தான், 1973இல். கணக்குத் தாள்களோடு கிடந்ததால் தப்பியவை மட்டும் 1977இல் அகப்பட்டன.