சட்டமன்றத்தில் கேள்வி கேட்க வைக்க 15,000 ரூபாயா?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டி, வீட்டுக்கு வீடு குழாயும் பதித்தார்கள். இன்று வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் பணி முடிந்துவிட்டது என்கிறார்கள். சட்டமன்றத்தில் இதைக் கேள்வியாக வரவைக்கலாம், ‘செலவு’ 15,000 ரூபாய் ஆகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். எங்கள் எம்.எல்.ஏ. ஆளும் கட்சிக்காரர். அவர் கேட்பாரா? பணம் கொடுக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. பதினைந்தாயிரம் என்ன, பதினைந்து ரூபாய்கூட வேண்டாம். கேள்வி கொடுக்க உறுப்பினருக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. அவர் கையெழுத்துப் போட்டுப் பேரவைச் செயலகத்தில் சேர்க்கும் ஒரு தாள், அவ்வளவுதான். அதை ஏற்பதும் தள்ளுவதும் பேரவைத் தலைவரின் அதிகாரம். ஏற்ற கேள்வி எந்த நாளில் அவைக்கு வரும் என்பது பல நேரம் கேள்வி கொடுத்த உறுப்பினருக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிந்தவர் தன் கையில் இல்லாத சரக்கை விற்கிறார்.

இந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். பேரவைக் குழு வேலைகளில் பல வருஷம் கழித்தவன் நான். வெள்ளைச் சட்டை, கையில் ரெக்சின் பை, பைக்குள் யாரோ ஒரு உறுப்பினரின் பழைய லெட்டர்பேடு. அச்சாகி வந்துவிட்ட வினாப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் உங்கள் மாவட்டத்தின் பெயர் எங்கே வருகிறது என்று தேடுவார்கள். கிடைத்தால், ‘பாருங்கள், நான் போட வைத்தது’ என்று மீதிப் பணத்தைக் கேட்பார்கள். அந்த உறுப்பினருக்கு இவர் முகமே தெரியாது.

ஏமாந்தால் பணம் மட்டும் போகும் என்று நினைக்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே விலக்கு. 1951-இல் முத்கல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், பம்பாய்த் தங்க வெள்ளி வியாபாரிகள் சங்கத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டார் என்று பதவியையே இழந்தார். 2005 டிசம்பரில் அதே குற்றத்துக்கு மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர் என 11 உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள். ரகசியக் கேமராவில் சிக்கியவர்கள். அவைக்குள் பேசியது என்ற பாதுகாப்பு லஞ்சத்துக்குக் கிடையாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்தியவர் இந்தக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டுமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் தொட்டிக்கு அருகில் இருக்கும் பணி விவரப் பலகையைப் பாருங்கள். மதிப்பீடு, நிதி ஆதாரம், ஒப்பந்ததாரர் என்று எழுதியிருக்கும். நீங்கள் பிடிக்க வேண்டியது ‘நிதி ஆதாரம்’ என்ற வரியை. எந்தத் துறையிடம் கேட்பது, எந்த அவையில் கேட்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஊரக வளர்ச்சித் துறை செய்த வேலையைக் குடிநீர் வடிகால் வாரியம் செய்ததாக நினைத்துக் கேட்டால், அந்த அமைச்சர் எழுந்து ‘வினா எழவில்லை’ என்று இரண்டு சொல்லில் உட்கார்ந்துவிடுவார். ஆறு மாத உழைப்பு இரண்டு சொல்லில் போனதைப் பார்த்திருக்கிறேன். துறை தப்பு என்றால் சரியான துறைக்கு மாற்றி அனுப்ப எத்தனை நிமிடம் ஆகும்? ஆனால் யாருக்கும் மனம் வராது.

பலகையில் ‘ஜல் ஜீவன்’ என்று இருந்தால் உங்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. வீட்டுக்கு வீடு குழாயில் தண்ணீர் தர 2019-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நம் மாநிலத்துக்கு மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. மத்திய அரசின் பணம் இருப்பதால் உங்கள் எம்.பி.யும் மக்களவையில் கேட்கலாம். அவரிடம் போனால், நட்சத்திரக் குறியிட்ட கேள்விதான் வேண்டும் என்று நிற்காதீர்கள். அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வது, தொலைக்காட்சியில் வருவது எல்லாம் அதில்தான். ஆனால் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் மட்டுமே பட்டியலில் வரும், அதிலும் நேரம் இருக்கும் வரைதான். குறியிடாத கேள்விகள் 230. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும், இணையத்திலும் கிடைக்கும். டிவியில் முகம் தெரிவது எம்.பி.க்குப் பயன்படும். உங்களுக்குப் பயன்படுவது அந்தத் தாள்.

அடுத்தது கேள்வியின் வாசகம். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். நம் சட்டமன்றத்தில் கேள்வி என்றாலே ‘அரசு ஆவன செய்யுமா’, ‘அரசு முன்வருமா’ என்றுதான் முடியும். முன்வருமா என்று கேட்டால் அது கேள்வியே அல்ல, மனு. ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்ற பதில் அதற்கு ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருக்கும். பதிலைத் தொடர்ந்து துணைக் கேள்வி கேட்க எழுபவர் முதலில் தன் கட்சித் தலைவரை வாழ்த்தி, தொகுதி மக்கள் சார்பில் நன்றி சொல்லி, ஒரு குறள் சொல்லி முடிப்பதற்குள் பேரவைத் தலைவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். ரோடு போட்டுத் தருவதற்கும் திருமணத்துக்கு வருவதற்கும்தான் எம்.எல்.ஏ. என்று நாமும் பழகிவிட்டோம். தொகுதி மேம்பாட்டு நிதியில் இன்னொரு தொட்டி கட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலித் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது காலித் தொட்டி நிற்கும்.

நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். இப்படி:

‘(அ) இன்ன ஒன்றியம், இன்ன ஊராட்சியில் இன்ன ஆண்டில் கட்டப்பட்ட மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு இதுவரை வழங்கப்பட்ட தொகை எவ்வளவு, (ஆ) பணி நிறைவுச் சான்று எந்தத் தேதியில், எந்த நிலை அலுவலரால் வழங்கப்பட்டது, (இ) அத்தேதி முதல் இன்று வரை அத்தொட்டியில் தண்ணீர் ஏற்றப்பட்ட நாட்கள் எத்தனை?’

மூன்றாவது பிரிவுதான் கத்தி. ‘தண்ணீர் வருகிறதா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று சொல்லிவிடலாம். எத்தனை நாள் என்றால் எண் சொல்ல வேண்டும். பொய் எண் சொன்னால் அதை உடைக்க உங்களிடம் ஒரு சாட்சி இருக்கிறது. மோட்டார் அறையின் மின் மீட்டர்! தண்ணீர் ஏற்றாத மோட்டாருக்கு யூனிட் ஓடாது. அந்த மின் இணைப்பின் மாதவாரிப் பயன்பாடு, பணி நிறைவுச் சான்றின் நகல், அலுவலகத்தில் எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தின் நகல் மூன்றையும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. பதில் வராது, மேல்முறையீடு செய்ய வேண்டியிருக்கும். அதையும் செய்யுங்கள். கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தையும் ஒருமுறை பாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ‘எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வருகிறது’ என்று ஓர் ஊருக்குச் சான்று கொடுக்கக் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். உங்கள் ஊரும் அப்படித் தீர்மானம் போட்டிருந்தால், கையெழுத்துப் போட்டவர்களில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் இருக்கக்கூடும்.

ஆளும் கட்சி எம்.எல்.ஏ. கேட்பாரா என்றால், கேட்டிருக்கிறார்கள். 1957-இல் எல்.ஐ.சி. பணம் சுமார் 1.24 கோடி ரூபாயை முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் போட்ட விவகாரத்தை மக்களவையில் கிழித்தவர் பெரோஸ் காந்தி. காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். பதவி விலகியது நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, அப்போதைய நிதியமைச்சர். உங்கள் எம்.எல்.ஏ.விடம் அந்த அளவு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தொட்டி முந்தைய ஆட்சியில் கட்டியது என்றால் தாராளமாகக் கேட்பார். இல்லை என்றால் பக்கத்துத் தொகுதி எதிர்க்கட்சி உறுப்பினரிடம் கொடுங்கள்; எந்த உறுப்பினரும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை: நீதிமன்றம். விசாரணையில் இருக்கும் விஷயத்தை அவையில் கேட்க முடியாது. இந்த விதி நல்ல விதிதான், ஆனால் இதைக் குடையாகப் பிடிப்பவர்கள் அதிகம். பாக்கிப் பணம் வரவில்லை என்று ஒப்பந்ததாரர் ஒரு வழக்குப் போட்டிருப்பார். உடனே தொட்டியைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் ‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று ஷட்டரை இறக்கிவிடுவார்கள். நீங்கள் வழக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வழக்கில் என்ன பரிகாரம் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பாக்கித் தொகை பற்றிய வழக்கு என்றால் பாக்கியைப் பற்றிக் கேட்காதீர்கள். இதுவரை கொடுத்தது எவ்வளவு, சான்று தந்தது யார், தண்ணீர் ஏற்றியது எத்தனை நாள் என்பவை அந்த வழக்கில் இல்லாத சங்கதிகள் என்று எம்.எல்.ஏ. எடுத்துச் சொல்லலாம். பேரவைத் தலைவர் ஏற்றால் உண்டு.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. உள்ளூர் வக்கீல் ஒருவர், ‘மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ஒரு பொதுநல வழக்குப் போட்டுவிடலாம் சார்’ என்று ஆசை காட்டுவார். போட்டீர்களானால், நீங்களே ஷட்டரை இறக்கியவர் ஆவீர்கள். கேள்வியும் போகாது, மனுக்கள் குழுவும் எடுக்காது. வழக்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாளும் கைக்கு வந்தபிறகு போட்டால் வலுவாகவும் இருக்கும்.

மனுக்கள் குழு என்றேன் அல்லவா? மக்கள் கொடுக்கும் மனுக்களை விசாரிக்கும் சட்டமன்றக் குழு அது. எம்.எல்.ஏ. கைவிட்டால் அதுதான் வழி. அந்தக் குழு மாவட்டத்துக்கு வருவதற்கு முன் ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். மனு தமிழில் இருக்க வேண்டும், நகல்கள் பெரும்பாலும் ஐந்து கேட்பார்கள், ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் பொதுப் பிரச்சினை. பட்டா, முதியோர் உதவித்தொகை, பையன் வேலை எதையும் அதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மனு முழுதும் தள்ளுபடியாகும். ஐந்து உறுப்பினர்கள் தொட்டிக்குக் கீழே வந்து நின்று ‘குழாயைத் திற’ என்று சொல்லும்போது பொறியாளர் முகம் போகும் போக்கை நான் பார்த்திருக்கிறேன். தணிக்கை வழியும் உண்டு என்பார்கள்; ஆனால் அரசுக் கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கைத் துறை எழுதி, அதைச் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு எடுத்து, பரிந்துரை வருவதற்குள் உங்கள் பேரனுக்குக் கல்யாணமே முடிந்துவிடும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

நாளைக் காலையில் போனை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பலகையைப் படம் எடுத்துவிடுங்கள். விஷயம் கிளம்புகிறது என்று தெரிந்தால் முதலில் வெள்ளையடிப்பது பலகைக்குத்தான். வரும் வழியில் மோட்டார் அறையில் மீட்டர் காட்டும் எண்ணையும் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.