மிஷனரிப் பணிக்கு வருட இறுதிக் காணிக்கை: எந்த வழியாக அனுப்புவது?

கேள்வி: நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சபை. முப்பது குடும்பம் இருக்கிறோம். டிசம்பரில் கரோல் பாடியும், வருடம் முழுக்கக் கைப்பிடி அரிசி எடுத்து வைத்தும் சேர்க்கும் பணத்தை இதுவரை கோயில் கூரைக்குக் கொடுத்தோம். இந்த முறை வெளிநாட்டு மிஷனரிப் பணிக்குக் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபா சேரும். வட இந்தியாவில் ஊழியம் செய்யும் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் தன் வங்கிக் கணக்கை அனுப்பி, "31ஆம் திகதிக்கு முன் போட்டுவிடுங்கள்" என்கிறார். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மூலம் பணத்தைக் கைமாற்றி அனுப்பினால், செலவு குறைவு என்கிறார் இன்னொருவர். கனடாவில் இருக்கும் என் மகன் தானும் சேர்ந்து தருகிறேன் என்கிறான். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலேயே இவ்வளவு கஷ்டம் இருக்கும்போது வெளிநாட்டுக்கா என்று சபையிலும் சிலர் முணுமுணுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
மாதர் ஐக்கியச் செயலாளர், பொகவந்தலாவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தம்பியின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாவும் போடாதீர்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் அன்போடு அனுப்பும் பணமே அவரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்.

இலங்கையிலிருந்து போகும் காணிக்கை இந்தியச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடை. அதை ஒழுங்குபடுத்துவது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். இந்தச் சட்டப்படி பதிவு பெற்ற அல்லது முன் அனுமதி பெற்ற அமைப்பு மட்டுமே அப்படிப்பட்ட பணத்தை வாங்கலாம். 2020 செப்டெம்பரில் வந்த திருத்தம் இன்னும் இறுக்கமானது. பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி பிரதான கிளையில் அந்த அமைப்பு இதற்கென்றே திறந்திருக்கும் கணக்கில்தான் விழ வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆகவே "எங்கள் ஊரிலுள்ள கிளைக் கணக்குக்குப் போடுங்கள், நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம்" என்று யாராவது சொன்னால், அந்த வழி அடைபட்டுப் பல வருடமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: தம்பி, உங்களை அனுப்பிய மிஷனரிச் சங்கம் எது? அதன் பதிவு இலக்கம் என்ன? புதுடெல்லிக் கணக்கு எது? பதிவு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். நடப்பில் உள்ளதா இல்லையா என்பதை இந்திய உள்துறை அமைச்சின் இணையத்தளத்தில் மாநிலவாரியாகப் பார்க்கலாம். அவர் எந்தச் சங்கத்தையும் சேராமல் தனியாக ஊழியம் செய்பவரென்றால், வெளிநாட்டுப் பணத்தால் அவரைத் தாங்க உங்களுக்குச் சட்டப்படி வழியில்லை. அதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். ஜெபத்தில் தாங்குவதற்குத் தடையில்லை.

உண்டியல் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது இங்கே 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதி பெற்ற வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். உண்டியலில் போகும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை, போய்ச் சேராவிட்டால் கேட்க ஆளும் இல்லை. சபைப் பணத்தை அப்படி அனுப்பிவிட்டு ஜனவரி பொதுக்கூட்டத்தில் எந்தக் காகிதத்தைக் காட்டுவீர்கள்?

வங்கிக்குப் பணம் சேர்ந்த பிறகு போகாதீர்கள், சேர்க்கத் தொடங்கும் முன்பே போங்கள். மத்திய வங்கியின் பணிப்புரைகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. 2022 நெருக்கடியில் எவ்வளவு கட்டுப்பாடு வந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ சபைக் கணக்குள்ள கிளையில் வெளிநாட்டுக் கொடுக்கல்வாங்கலைப் பார்க்கும் அலுவலரைச் சந்தித்து, "பதிவு பெற்ற சமய அமைப்புக்கு நன்கொடை அனுப்ப வேண்டும், இப்போது அனுமதியுண்டா, என்னென்ன பத்திரம் வேண்டும்?" என்று கேளுங்கள். கையில் நான்கு பத்திரங்கள் இருக்கட்டும்: சபைக் குழுவின் தீர்மானம் எழுதிய கூட்டக் குறிப்பின் பிரதி, குருவானவரின் கடிதம், பெறும் அமைப்பின் பதிவுப் பத்திரமும் வேண்டுகோள் கடிதமும், பணம் எப்படிச் சேர்ந்தது என்பதைக் காட்டும் கணக்குப் புத்தகம். உங்கள் தனிப்பட்ட கணக்கிலிருந்து அனுப்பவே வேண்டாம். இரண்டு பேர் கையெழுத்திடும் சபைக் கணக்கிலிருந்தே போகட்டும்.

செலவு பல இடங்களில் பிடிபடும். நம் வங்கியின் கட்டணம், இடையிலுள்ள வங்கியின் கட்டணம், பெறும் வங்கியின் கட்டணம், அவற்றோடு ரூபாவை டொலராக்கும்போது விற்பனை விலையில் போகும் வித்தியாசம். இந்தக் கட்டணங்கள் தொகையைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை என்பதால் சிறு தொகைதான் அடிபடும். வங்கிக் கட்டணங்கள் மட்டும் சேர்ந்து 6,000 ரூபா ஆகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள்: 20,000 ரூபா அனுப்பினால் 30 சதவீதம் வழியிலேயே போய்விடும், 1,50,000 அனுப்பினால் 4 சதவீதம்தான் போகும். மாதாமாதம் அனுப்பும் ஆசை நல்லதுதான், ஆனாலும் சேர்த்து ஒரே தடவையாக அனுப்புங்கள். படிவத்தில் "எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கு" என்ற தெரிவைக் குறித்தால் குறித்த தொகை குறையாமல் போய்ச்சேர வாய்ப்பு அதிகம். பெறுபவரின் பெயரைப் பதிவுப் பத்திரத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பெயர் ஒத்துப்போகாததால் திரும்பி வரும் பணத்துக்கும் கட்டணம் கழியும்.

இத்தனையும் ஒரு சிறு சபைக்குப் பாரம்தான். எங்கள் அபிப்பிராயத்தில் உங்களுக்குப் பொருத்தமான வழி வேறு. அங்கிலிக்கன் சபையென்றால் மறைமாவட்ட அலுவலகம், மெதடிஸ்த சபையென்றால் மாநாட்டு அலுவலகம், வேறு சபையென்றால் உங்கள் தலைமையகம்: அங்கே எழுதி, மிஷனரிப் பணிக்கு ஏற்கெனவே எந்த வழியில் பணம் அனுப்புகிறார்கள் என்று கேட்டு அதோடு சேர்ந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கருக்கு இது நீண்ட காலமாகவே ஒழுங்காக நடக்கிறது. 1926இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் ஏற்படுத்திய உலக மறைபரப்பு ஞாயிறு ஒக்டோபரின் கடைசிக்கு முந்திய ஞாயிறு. அன்றைய காணிக்கை பங்கிலிருந்து மறைமாவட்டம் வழியாக உலகப் பொது நிதிக்குப் போகிறது.

இன்னொரு வழியும் உண்டு, நாங்கள் அதை மிகவும் விரும்புகிறோம்: இலங்கையிலிருந்து வெளிநாடு போகும் ஓர் ஊழியரை உங்கள் சபை பொறுப்பெடுப்பது. அவருடைய விமானச் சீட்டு, மருத்துவக் காப்புறுதி, தடுப்பூசி, இங்கே விட்டுப்போகும் பெற்றோரின் மாதச் செலவு, பிள்ளைகளின் பாடசாலைச் செலவு எல்லாம் இங்கேயே ரூபாவில் கட்டப்படுபவை. டொலராக மாற்ற வேண்டியதுமில்லை, கணக்கும் உங்கள் கண்முன்னே இருக்கும்.

யாரைத் தாங்குவதென்றாலும் கடந்த வருடத்தின் கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கறிக்கையைக் கேளுங்கள். ஊழியரை மேற்பார்ப்பவர் யார், அவர் நோயில் விழுந்தால் அல்லது விலகினால் உங்கள் பணம் எதற்குப் போகும் என்றும் கேளுங்கள். உணவோ மருந்தோ பாடசாலை அனுமதியோ கொடுப்பதற்கு மதம் மாற வேண்டும் என்ற நிபந்தனை எந்த வடிவில் இருந்தாலும் அந்தப் பணிக்குக் கொடுக்காதீர்கள். கேட்டதற்குப் பதில் வராமல் புகைப்படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். "31க்கு முன்" என்ற அவசரத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. அது அமெரிக்க, கனடிய வரி ஆண்டு டிசம்பரில் முடிவதால் அங்கே பிறந்த வழக்கம். இலங்கையின் வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரையான தனிநபர் வருமானத்துக்கு வரியில்லை. உங்கள் சபையில் அநேகர் வரி கட்டவே மாட்டார்கள். கட்டுபவர்களுக்கும் கழிவு கிடைப்பது நோயாளர், வறியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் அங்கீகாரம் பெற்ற தர்ம நிறுவனங்களுக்குக் கொடுத்தால்தான். அதுவும் வரிக்குரிய வருமானத்தின் மூன்றில் ஒன்று, அல்லது 75,000 ரூபா, இரண்டில் எது குறைவோ அவ்வளவே. வெளிநாட்டு மிஷனரிக் காணிக்கை அதில் சேராது.

இனி அந்த முணுமுணுப்பு. அது நியாயமானது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு அந்த நியாயம் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் மலையகச் சபைகளே வெளியூர்க் காணிக்கையில் பிறந்தவை. 1854இல் கண்டியை மையமாக வைத்துத் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனில் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து போனவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள். திரும்பக் கொடுத்த சரித்திரமும் இந்த நாட்டுக்கு உண்டு. 1902இல் யாழ்ப்பாணம் வந்த இந்தியக் கிறிஸ்தவ ஊழியர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் இந்தியாவுக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டு உந்தப்பட்டார். அடுத்த வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆகவே இரண்டுக்கும் கொடுக்கலாம். எந்தப் பணத்தை எதற்குக் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

கரோல் பணத்தை வெளிநாட்டு மிஷனுக்கு அனுப்பாதீர்கள். உங்கள் கரோல் குழு லயத்தில் எல்லா வீட்டு வாசலிலும் பாடுகிறது. இந்துக் குடும்பங்களும் நத்தார் சந்தோஷத்தில் நூறு, இருநூறு ரூபா வைக்கிறார்கள். மதப் பிரசாரத்துக்கு என்று தெரிந்து அவர்கள் கொடுக்கவில்லை. அந்தப் பணம் முழுவதும் அந்த லயத்துக்கே திரும்பட்டும்: மண்சரிவில் வீடிழந்தவர்களுக்கு, புதிய தவணைக்குப் பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும், எந்த மதப் பிள்ளை என்று பாராமல். மிஷனரிக் காணிக்கை சபையார் அறிந்து கொடுக்கும் உறைகளிலிருந்தும் கைப்பிடி அரிசியிலிருந்தும் மட்டும் வரட்டும். முணுமுணுப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எங்களுக்குத் தெரியவில்லை.

இப்படிப் பிரித்தால் மிஷனரிக் காணிக்கை ஒன்றரை இலட்சத்தைவிடக் குறையும். அதை அரிசியில் ஈடுசெய்யலாம். வடகிழக்கு இந்தியாவிலுள்ள மிசோரத்தின் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் இப்படித்தான் மிஷனரிகளைத் தாங்கிவருகிறார்கள். உலையில் போடுமுன் எடுக்கும் ஒரு கைப்பிடி ஏறத்தாழ 40 கிராம். நாளுக்கு ஒன்றென்றால் மாதம் ஒரு வீட்டில் 1.2 கிலோ, 25 வீடு சேர்ந்தால் 30 கிலோ. வழக்கமாகத் தவறு நடப்பது இரண்டு இடத்தில். நாட்டரிசி, சம்பா, சிவப்பரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தால் கடைக்காரர் பாதி விலைதான் சொல்வார். வகைக்கு ஒரு வாளி வையுங்கள். மலைநாட்டு ஈரத்தில் அரிசி சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும், வண்டும் விழும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் வைத்து மாதம் ஒருமுறை கட்டாயம் விற்றுவிடுங்கள், சபைக் குடும்பங்களுக்கே அன்றைய கடை விலைக்கு. ரொட்டி சுடும் நாட்களில் ஒரு பிடி கோதுமை மா எடுக்காமல் ஒரு நாணயத்தைத் தகரத்தில் போடச் சொல்லுங்கள். மா நாட்பட்டால் கெட்டுவிடும்.

டிசம்பரில் கேட்கும்போது பண்டிகை முற்பணத்தை நம்பி எதையும் எதிர்பார்க்காதீர்கள். அது பிறகு சம்பளத்தில் பிடிக்கப்படும் கடன். அந்தக் கையிலிருந்து வாங்கிய காணிக்கை பெப்ரவரியில் கடைக் கடனாக வந்து நிற்கும். உறையை சம்பள வாரத்தில் கொடுத்து, எண்ணும்போது எப்போதும் இரண்டு பேர் இருந்து, எண்ணியதை அங்கேயே புத்தகத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு, அடுத்த வங்கி நாளில் வைப்புச் செய்யுங்கள். லய வீட்டு அலுமாரியில் ஒரு இலட்சம் ரூபா இரவு தங்க வேண்டாம்.

மகனுக்கு இதைச் சொல்லுங்கள்: உங்களுக்கு அனுப்பும் பணத்துக்குக் கனடாவில் வரிக் கழிவு கிடையாது. அங்கே பதிவு பெற்ற தர்ம நிறுவனமான ஒரு மிஷனரி அமைப்புக்கு நேரடியாகக் கொடுத்து, எந்த நாட்டுப் பணிக்கு என்று குறிப்பிட்டால், உத்தியோகபூர்வ பற்றுச்சீட்டு கிடைக்கும். அதில் ஒன்பது இலக்கமும், பின்னால் ஆர்ஆர் (RR) என்ற ஆங்கில எழுத்துகளும், மேலும் நான்கு இலக்கமும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். டிசம்பர் 31க்குள் கொடுத்தது அந்த வருடக் கணக்கில் சேரும். பயன்படுத்தாவிட்டால் அடுத்த ஐந்து வருடத்துக்குக் கொண்டுபோகலாம். லண்டனில் உறவினர் இருந்தால், வரி கட்டுபவராக இருக்கும்பட்சத்தில் தர்ம நிறுவனத்தின் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திட்டால் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அந்த நிறுவனத்துக்கு மேலதிகமாகப் போகும்.

பிற்பாடு நேபாளப் பணியைத் தாங்க நினைத்தால் ஒன்றை மறக்காதீர்கள். 2018 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் மதமாற்றம் செய்வதற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. ஊழியர் பெயரையும் விசுவாசிகள் முகத்தையும் உங்கள் சபையின் பேஸ்புக்கில் நன்றிப் பதிவாகப் போடக் கூடாது. அறிக்கையைச் சபைக் கூட்டத்தில் வாசித்தால் போதும்.

நாட்கணக்கு இப்படி இருக்கட்டும்: ஒக்டோபரில் தலைமையகத்துக்குக் கடிதமும் வங்கிக்கு ஒரு நடையும், நவம்பரில் சபைத் தீர்மானம், டிசம்பர் முழுக்க உறைகள். அனுப்புவதை ஜனவரி இரண்டாம் வாரத்துக்கு வையுங்கள். டிசம்பர் கடைசியில் உந்துவப் போயா, நத்தார், வார இறுதி எல்லாம் சேர்ந்து வரக்கூடும்; வெளிநாட்டு வங்கிகளும் மூடியிருக்கும், சிறிய கிளை உங்கள் பத்திரங்களைக் கொழும்புக்கு அனுப்பினால் இன்னும் ஒரு வாரம் போகும். பணம் கிடைத்ததும் பெறும் அமைப்பின் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, வங்கிச் சீட்டோடு சேர்த்து வருடாந்தக் கூட்டத்தில் எல்லோரும் பார்க்கும்படி மேசையில் வையுங்கள்.