பாலக்காடு, சித்தூர் பக்கம் கர்நாடக இசை படிக்கும் மாணவர்கள் ஜாஸ் குழு தொடங்க முடியுமா? எதிலிருந்து பழகுவது?

தாராளமாக முடியும். பாலக்காட்டில் செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி, சித்தூர் அரசுக் கல்லூரியில் இசைத் துறை என்று இருப்பதால் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் பஞ்சமில்லை. சிக்காதது பேஸ் கிட்டாரும் டிரம்ஸும்தான். கானமேளா (சினிமாப் பாட்டுக் கச்சேரி) மேடைகளில் இவற்றை வாசிப்பவர்களுக்கு வேலை இருந்தது. மைனஸ் ட்ராக் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசைப் பதிவு) வந்ததும் அது குறைந்தது. சர்ச் கொயர்களில் விசாரியுங்கள். கீபோர்டுக்காரரும் அங்கேயே கிடைப்பார். கீபோர்டு தானாகவே போடும் தாளமான ஆட்டோ ரிதத்தை அணைத்துவிட்டு வாசிக்க வருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் 12 பார் ப்ளூஸ், அதாவது 12 பார் (தாளப் பகுதி) கொண்ட ஒரு சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. பாருக்கு 4 அடி வீதம் 48 அடி, அதாவது 8 அடி கொண்ட ஆதி தாளத்தில் 6 ஆவர்த்தனம் (தாளச் சுற்று). 1 கட்டையில் (சி) வைத்துக்கொண்டால் முதல் 2 ஆவர்த்தனம் சி7 கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), மூன்றாவது எஃப்7, நான்காவது மறுபடி சி7. ஐந்தாவதில் முதல் பாதி ஜி7, பின்பாதி எஃப்7. ஆறாவது சி7. திரும்பவும் முதலிலிருந்து.

கர்நாடகக் கைக்கு இடறுமிடம் காந்தாரம். சி7 ஓடும்போது அந்தர காந்தாரம் சரி. எஃப்7 வந்ததும் அந்தக் கார்டுக்குள்ளேயே சாதாரண காந்தாரம் இருக்கிறது. அங்கே அந்தரத்தில் நீட்டி நின்றால் கீபோர்டோடு உரசும். மூன்றாவது ஆவர்த்தனம் தொடங்கும்போது இந்த ஒரு ஸ்வரத்தை மாற்றினாலே பாதி ஜாஸ் காதில் விழுந்துவிடும். சுருதிப்பெட்டியை அணைத்துவிடுங்கள். ஜி7-இல் காந்தாரமாக வரும் நிஷாதத்தோடு பெட்டியின் ஷட்ஜம் மோதும்.

ஜாஸின் தாள நடையான ஸ்விங் என்பது கிட்டத்தட்ட திஸ்ர நடை (அடிக்கு மூன்று மாத்திரை). ரைடு சிம்பலில் 1, 3 ஆம் அடிகளுக்கு "த" மட்டும். 2, 4 ஆம் அடிகளுக்கு "தகிட"வில் "கி"யை விழுங்கிவிட்டு "த", "ட" இரண்டும். ஹை-ஹாட் மிதி 2, 4இல். வேகம் கூடக் கூடத் திஸ்ரம் தளர்ந்து சமமாகும், அதைக் கணக்கால் பிடிக்க முடியாது, கேட்டுத்தான் பழகணும். மிருதங்கக்காரர் எல்லா மாத்திரையையும் சொல்லால் நிரப்பப் பார்ப்பார். நாலு அடிக்கு ஒரு சொல் போதும் என்று பிடித்து வையுங்கள். கோர்வை வைத்துச் சமத்தில் இறங்கும் ஆசையையும் கடைசிச் சுற்றுக்கு ஒதுக்குங்கள்.

அடுத்து டிஎம்7, ஜி7, சிமேஜ்7 என்ற கார்டு வரிசை. சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக்கினால் கரஹரப்ரியா, பஞ்சமத்தை ஆக்கினால் ஹரிகாம்போதி என்ற கிரகபேதம்தான் இது. ஆனால் மூன்று ராகமாக வாசித்தால் கமகத்தில் (ஸ்வர அசைவில்) கார்டு மாறுவதே தெரியாது. மத்திமம் காந்தாரத்துக்கும் ஷட்ஜம் நிஷாதத்துக்கும் இறங்குவதை அசைக்காமல் காட்டுங்கள்.

கல்யாணக் கூலியை இதற்கு எதிர்பார்க்காதீர்கள். நோட்டீஸில் "ஃப்யூஷன்" என்று போட்டால் செண்டை எங்கே என்று கேட்பார்கள். 50 பேர் உட்காரும் அறை, டிரம்ஸுக்குக் குச்சிக்குப் பதில் பிரஷ், வயலினுக்குப் பிக்கப் (ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி), ஆளுக்கு 2 சுற்று சோலோ. தொடக்கத்துக்கு இது போதும்.