கணினி கேள்வி – பதில்: ஒரு பிரிண்டர், முப்பது பிள்ளைகள்

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக் லேபில் 30 கம்ப்யூட்டர்கள், ஒரே லேசர் பிரிண்டர். செய்முறைத் தேர்வன்று எல்லாரும் ஒரே நேரத்தில் அவுட்புட் எடுக்கும்போது ஏதாவது ஒரு ஜாப் (அச்சுக்குக் கொடுத்த வேலை) ‘டெலிட்டிங்’ என்று காட்டியபடியே நின்றுவிடுகிறது. பிரிண்டரை அணைத்துப் போட்டாலும் நகரவில்லை. என்ன செய்வது?
– லேப் உதவியாளர், திண்டுக்கல்

பதில்: அச்சாகக் காத்திருக்கும் ஜாப்களின் வரிசை பிரிண்டருக்குள் இல்லை, அதனால்தான் அணைத்துப் போட்டும் நகரவில்லை. பிரிண்டரைப் பகிர்ந்துகொடுத்திருக்கும் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய்ப் பாருங்கள். ஒவ்வொரு ஜாபுக்கும் இரண்டு ஃபைல்கள் இருக்கும். எஸ்.பி.எல். என்று முடிவதில் அச்சாக வேண்டிய விஷயம், எஸ்.எச்.டி. என்று முடிவதில் யார் கொடுத்தது, எந்த பிரிண்டருக்கு என்ற விவரம்.

முதலில் பிரிண்டரை அணையுங்கள். அட்மின் லாகினில் சர்வீசஸ் திறந்து ‘பிரிண்ட் ஸ்பூலர்’ (ஜாப்களை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் புரோகிராம்) என்பதை ஸ்டாப் செய்யுங்கள். அது ஓடும்வரை சிக்கிய ஃபைலை அழிக்க விடாது. ஃபோல்டரில் உள்ள அத்தனையையும் அள்ளி அழிப்பதுதான் பலருக்கும் வழக்கம். தேர்வு நாளில் அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். வரிசையில் காத்திருக்கும் மற்ற பிள்ளைகளின் அவுட்புட்டும் சேர்ந்து போய்விடும். ஃபைல் உருவான நேரத்தைப் பார்த்து, சிக்கிய ஜாபின் ஜோடியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஸ்பூலரை ஸ்டார்ட் செய்ததும் மீதி ஜாப்கள் வரிசைக்கு வந்துவிடும். அதன் பிறகு பிரிண்டரைப் போடுங்கள். அணைக்காமல் விட்டால், பாதி ஜாப் அதன் மெமரியிலேயே தங்கி, அடுத்த ஜாபோடு குழம்பி, தாள் தாளாகப் புரியாத குறிகள் வரும்.

இது மறுபடி மறுபடி நடக்கிறதென்றால், ‘வரவில்லையே’ என்று ஒரே ஃபைலை நாலு முறை கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பகிர்ந்துகொடுத்த கம்ப்யூட்டரில் வரிசை விண்டோவைத் திறந்தே வைத்து, ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு’ தாவலில், கடைசிப் பக்கமும் ஸ்பூல் ஆன பிறகே அச்சிடத் தொடங்கும்படி ஓர் ஆப்ஷன் உண்டு. அதைத் தேர்ந்தெடுங்கள். மெதுவான கம்ப்யூட்டர் ஒன்று பக்கம் பக்கமாக அனுப்பிக்கொண்டு பிரிண்டரைப் பிடித்து வைத்திருப்பது இதனால் நிற்கும்.

கேள்வி: காலையில் கடைசியாக ஆன் செய்யும் சில சிஸ்டம்களில் மட்டும் பிரிண்டர் கனெக்ட் ஆவதில்லை. ‘நோ மோர் கனெக்‌ஷன்ஸ்’ என்று வருகிறது. கேபிளை மாற்றியும் பார்த்துவிட்டோம்.
– கணினி ஆசிரியை, கரூர்

பதில்: கேபிள் மேல் குற்றமில்லை. விண்டோஸ் 10, 11 போட்ட சாதாரண கம்ப்யூட்டரில் பகிரும் எதையும் ஒரே நேரத்தில் 20 கம்ப்யூட்டர்கள்தான் பிடிக்கலாம். 21-ஆவது வரும்போது கதவு மூடியிருக்கும். செட்டிங்கில் ஏற்ற முடியாத வரம்பு இது.

பிரிண்டரில் நெட்வொர்க் போர்ட் இருந்தால், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ‘ஸ்டாண்டர்டு டி.சி.பி./ஐ.பி. போர்ட்’ சேர்த்து (போர்ட் எண் 9100) நேராக அனுப்பலாம். ஆனால் அப்போது 30 கம்ப்யூட்டர் இருந்தால் 30 தனித்தனி வரிசைகள். யாருடைய ஜாப் நிற்கிறது என்று ஓரிடத்தில் பார்க்க முடியாது, ரத்தும் செய்ய முடியாது. பள்ளி லேபுக்கு அது சரிவராது என்பதே என் கருத்து.

ஓரமாகக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, பிரிண்டர் வரிசையை நிர்வகிக்கும் கப்ஸ் என்ற மென்பொருளை நிறுவுங்கள். இந்த 20 வரம்பு அதில் இல்லை. அதே கம்ப்யூட்டரின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 631 என்று திறந்தால் மொத்த வரிசையும் ஒரே பக்கத்தில் தெரியும். இரண்டு விஷயம் கவனியுங்கள். விலை குறைந்த சில லேசர் பிரிண்டர்களுக்கு, தயாரித்த நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தந்தால்தான் உண்டு. முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, ஒரு ஜாபில் பிழை வந்தால் பிரிண்டரையே நிறுத்திவைப்பது கப்ஸின் இயல்பு. பிரிண்டர் பாலிசியில் ‘எரர் பாலிசி’யை ‘அபார்ட் ஜாப்’ என்று மாற்றினால், கெட்ட ஜாப் மட்டும் விலகி வரிசை ஓடும்.

கேள்வி: பிரிண்டர் நன்றாக இருக்கிறது, பிங் (நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) கொடுத்தால் பதிலும் வருகிறது. ஆனாலும் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டுகிறது.
– வாசகர், தென்காசி

பதில்: போர்ட் அமைப்பில் ‘எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்.என்.எம்.பி. என்பது பிரிண்டரின் நிலையை நெட்வொர்க் வழியே கேட்கும் முறை. அந்தக் கேள்விக்கு பிரிண்டர் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்று முடிவு கட்டிவிடுகிறது. கையோடு, ரவுட்டரில் பிரிண்டருக்கென்று ஒரு ஐ.பி.யை (நெட்வொர்க் முகவரியை) ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் மின்வெட்டுக்குப் பிறகு வேறு ஐ.பி. வாங்கிக்கொண்டு நிஜமாகவே காணாமல் போகும்.

கேள்வி: ட்ரேயில் தாள் இருந்தும் தாள் கேட்டு விளக்கு மின்னுகிறது.
– வாசகி, ஓசூர்

பதில்: ஃபைல் ‘லெட்டர்’ அளவில் இருக்கும். அது 216 × 279 மி.மீ.; நம் ஏ4 தாள் 210 × 297. ஒவ்வொருவரிடமும் மாற்றச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பகிரும் கம்ப்யூட்டரில், பிரிண்டர் பிராப்பர்ட்டீஸின் ‘அட்வான்ஸ்டு’ தாவலில் உள்ள ‘பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்’ என்பதில் ஏ4 வையுங்கள். ‘பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்’ வேறு. அதில் மாற்றினால் உங்கள் லாகினுக்கு மட்டும்தான் மாறும். ஃபைலிலேயே லெட்டர் இருந்தால் வேர்டின் ‘லேஅவுட்’டிலும் (பழைய வேர்டில் ‘பேஜ் லேஅவுட்’) மாற்ற வேண்டும்.

கேள்வி: மாணவர்கள் வீட்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து கொண்டுவரும் கட்டுரைகள் எமது ஆய்வுகூடத்தில் ஆங்கில எழுத்துகளாக அச்சாகின்றன. அச்சுப்பொறியில் கோளாறா?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: அச்சுப்பொறிக்கு ஒன்றுமில்லை. பாமினியில் ‘அம்மா’ என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். தமிழ் உருவத்தைக் கொடுப்பது எழுத்துரு. அது ஆய்வுகூடக் கணினியில் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வரும். வீட்டிலேயே பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள், எழுத்துருவும் ஃபைலோடு சேர்ந்து வரும். வேர்டு ஃபைலாகவே வேண்டுமென்றால் ‘ஆப்ஷன்ஸ்’, ‘சேவ்’ பகுதியில் எழுத்துருவை ஃபைலில் பதிக்கும் டிக்கைப் போட்ட பிறகு சேமிக்க வேண்டும். புதிதாக எழுதுவதை, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் உள்ள யூனிகோடில் எழுதப் பழக்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.